கணினியில் கமலை ஓட்டும் பிள்ளையிடம் என்ன சொல்வது?

வீரசோழன் சந்தையில் ஆடு பிடிக்க வருகிறவர், ஆட்டைக் கண்டதும் ‘அருமையான ஆடு’ என்று சொல்லிவிட்டு நகர்வதில்லை. வாயைப் பிளந்து பல் பார்ப்பார். முதுகுத்தண்டில் கைவைத்து அழுத்திச் சதைப்பிடிப்பைப் பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் பேச்சு. அந்தப் பேச்சிலும், விற்கிறவரே குனிந்து சரிபார்த்துக்கொள்ளக்கூடிய சங்கதிதான் இருக்கும்: “இன்னும் பல்லு போடலையேப்பா” என்பார். கணினியில் இயற்பியல் சிமுலேஷன் செய்து காட்டுகிற பிள்ளைகளுக்குக் கருத்துச் சொல்வதும் இந்த வகையில்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. செய்தவரே உடனே சோதித்துப் பார்க்கக்கூடியதாகச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் மரியாதைப் பேச்சு.

சிமுலேஷன் என்று நான் சொல்வது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆல்கோடூ என்றொரு மென்பொருள் இருக்கிறது. சுவீடன் நாட்டின் ஊமியோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் என்ற மாணவர் தன் முதுநிலைப் படிப்புக்கான ஆய்வாகச் செய்து 2008-ல் ‘ஃபன்’ என்ற பெயரில் வெளியிட்டது அது. அடுத்த ஆண்டு ஆல்கோரிக்ஸ் நிறுவனம் அதையே வளர்த்து ஆல்கோடூ ஆக்கியது. கணினியில் இறக்கிக்கொள்ள இப்போது காசு இல்லை. திரையில் ஒரு வட்டம் வரைந்தால் அது உருளும். பெட்டி வரைந்தால் விழும். எந்த உருவத்தையும் மரம், கல், எஃகு, பனிக்கட்டி, ரப்பர் என்று மாற்றலாம், தண்ணீராகவும் கரைக்கலாம். கீல், சுருள்வில், சங்கிலி, மோட்டார், பல்சக்கரம் எல்லாம் உண்டு. அடர்த்தி, உராய்வு, எகிறும் தன்மை ஆகியவற்றுக்கு எண் கொடுக்கலாம். ஓட்டு என்று அழுத்தினால், நியூட்டன் விதிகளைக் கணக்குப்போட்டு உங்கள் இயந்திரத்தை ஓட்டிக் காட்டும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதில் வண்டி, கடிகாரம், பாலம், கோலிக்குண்டு ஓடும் பாதை என்று செய்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கம் இதற்கெல்லாம் கணினி ஏது என்று கேட்க வேண்டாம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கிய மடிக்கணினி, அண்ணனோ அக்காவோ வேலைக்குப் போனபின் பரணிலோ பீரோ மேலோ கிடக்கும் வீடுகள் உண்டு. பேட்டரி செத்திருக்கும், மின்சாரத்தில் செருகினால் ஓடும். இந்த மென்பொருளுக்கு அது தாங்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், தாத்தா சொல்லக் கேட்ட கமலையை ஆல்கோடூவில் செய்கிறான். கமலை பார்க்காத தலைமுறைக்கு அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிணற்று மேட்டில் மேலே ஒரு பெரிய உருளை, கீழே தரையை ஒட்டி இன்னொரு உருளை. தண்ணீர் மொள்ளும் இரும்புச் சால், மேல் உருளை வழியாக வடத்தில் தொங்கும். சாலின் அடியில் ஓட்டை. அந்த ஓட்டையில் தோலால் தைத்த தும்பி, யானைத் துதிக்கைபோல நீண்டிருக்கும். தும்பியின் நுனியைக் கட்டிய வால்கயிறு கீழ் உருளை வழியாக வரும். வடமும் வால்கயிறும் சேர்ந்தே மாடுகளின் நுகத்தடிக்குப் போகும். மாடுகள் கிணற்றைவிட்டு விலகிச் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். வரும் வழியெல்லாம் வால்கயிறு தும்பியின் வாயை மடக்கித் தூக்கியே பிடித்திருக்கும். தும்பியின் வாய், சாலில் நிற்கும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை ஒரு சொட்டும் சிந்தாது. சால் கீழ் உருளையைத் தாண்டி மேலே ஏறியதும் தும்பி நீண்டு, வாய் தாழ்ந்து, தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடும். பிறகு மாடுகள் பின்னுக்கு நடந்து மேடேற, சால் கிணற்றுக்குள் இறங்கும். ஆள் போய்ச் சாலைக் கவிழ்க்க வேண்டிய வேலையே இல்லை. மின்மோட்டார் வரும்வரை கிணற்றுப் பாசனத்தைத் தாங்கிய ஏற்பாடு இது.

பையன் இதைச் செய்துவிட்டுக் கூப்பிடுகிறான். ஓட்டிப் பார்க்கிறோம். சால் மேலே வருகிறது, ஆனால் வடம் ரப்பர்போல நீண்டுகொண்டே போகிறது. மாட்டுக்குப் பதில் ஒரு பெட்டி. அடியில் இரண்டு சக்கரம், மோட்டார். தரை தட்டை. தும்பி இல்லை, சால் மேலே வந்ததும் ஒரு முளையில் முட்டிக் கவிழ்கிறது. பாதித் தண்ணீர் தொட்டியில், மீதி கிணற்றில்.

இப்போது மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். ஒருவர்: “சூப்பர்டா தம்பி!” இன்னொருவர்: “இதெல்லாம் கமலையாடா? மாட்டையே காணோம்.” மூன்றாமவர்: “கயிறு ஏன் இப்படி இழுபடுது? சரியில்லையே.” முதலாமவர் சொன்னதில் பையனுக்கு மகிழ்ச்சி, வேலை ஒன்றும் இல்லை. இரண்டாமவரிடம் அவன் அடுத்த தடவை வரமாட்டான். மூன்றாமவர் சரியான இடத்தைத்தான் பார்த்தார், ஆனால் எங்கே கைவைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: “எதைக் காட்டணும்னு இதைச் செஞ்சே?” தாத்தா ஓட்டிய கமலை எப்படி இருந்தது என்று காட்டுவது அவன் நோக்கமானால், தும்பி இல்லாதது பெரிய குறை. கிணற்றிலிருந்து ஆள் இல்லாமல் தண்ணீர் எடுப்பது நோக்கமானால், கவிழும் சால் அவனுடைய சொந்த யோசனை. அதைக் குறை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை, சிந்துவதைக் குறைக்க வழி கேட்கலாம். ஒரே காட்சிக்கு இரண்டு நோக்கத்தில் இரண்டு தீர்ப்பு வரும். இதைக் கேட்காமல் வாயைத் திறப்பவர்கள்தான் பெரும்பாலும் வீண் பேச்சுப் பேசுகிறவர்கள். அறிவியல் கண்காட்சி நடுவர்களிலும் இவர்கள் உண்டு.

அடுத்தது, நாம் பார்த்த குறை எந்த ஊர்க்காரன் என்று கண்டுபிடிப்பது. சிமுலேஷனில் தவறு மூன்று இடங்களிலிருந்து வரும். செய்தவருடைய யோசனையில் தவறு இருக்கலாம். அவர் கொடுத்த எண்ணில் இருக்கலாம். இரண்டும் இல்லாமல் மென்பொருள் கணக்குப் போடும் முறையிலேயே இருக்கலாம். கடைசி வகைக்குப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம். அதுதான் அதிகம் நடக்கிறது.

வடம் ரப்பராக நீண்டதே, அது கடைசி வகை. ஆல்கோடூவில் கயிறு என்பது சின்னச் சின்னத் துண்டுகளைக் கீலால் கோத்த சங்கிலி. துண்டு ஒவ்வொன்றும் கிராம் கணக்கில், அடியில் தொங்கும் சால் நூறு கிலோ கணக்கில் என்றால், மென்பொருள் தனக்குக் கிடைக்கும் நேரத்துக்குள் எல்லா மூட்டையும் இழுத்துப் பிடித்து முடிக்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஐம்பது மூட்டும் இப்படி விட்டுக்கொடுத்தால் வடம் நீளத்தான் செய்யும். ஆகவே “கயிறு சரியில்லை” என்பதற்குப் பதில் இப்படிச் சொல்லலாம்: “சால் பாதி ஏறும்போது வடம் நீளுது. வடத்தோட அடர்த்தியப் பத்து மடங்கு ஆக்கிப் பாரு. அப்பயும் நீண்டா, கணக்கிடும் தடவையக் கூட்டிப் பாரு.” பையன் அரை நிமிடத்தில் செய்து பார்ப்பான். நீளம் குறைந்தால் நாம் சொன்னது சரி. குறையாவிட்டால் நாம் சொன்னது தப்பு என்று அவனுக்கும் தெரிந்துபோகும், நமக்கும் தெரிந்துபோகும். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை அவனுக்கு இல்லை.

‘கணக்கிடும் தடவை’ என்றேன். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கருத்துச் சொல்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை. கணினி காலத்தைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. ஒரு விநாடியை 60 துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு தடவை எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் ஓடும் கோலிக்குண்டு, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் 20 சென்டிமீட்டர் தாண்டிவிடும். எதிரே 5 சென்டிமீட்டர் தடிப்பில் ஒரு சுவர் இருந்தால்? முந்தின கணக்கில் குண்டு சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த கணக்கில் அந்தப் பக்கம். மோதியதே கணினிக்குத் தெரியாமல் போகலாம். சுவருக்குள் புகுந்து போகும் பேய் விளையாட்டின் ரகசியம் இதுதான். விநாடிக்கு 240 தடவை என்று கூட்டினால் தாண்டல் 5 சென்டிமீட்டராகிவிடும்; சுவரையும் கூடவே தடியாக்கினால் தொல்லை தீர்ந்தது.

இதிலிருந்து ஒரு பொதுவான சோதனை கிடைக்கிறது. ஒரு காட்சியில் விசித்திரமாக ஏதாவது நடந்தால், வேறு எதையும் தொடாமல் கணக்கிடும் தடவையை மட்டும் இரட்டிப்பாக்கி ஓட்டுங்கள். நடப்பது மாறிவிட்டால் அது மென்பொருளின் சேட்டை. மாறாமல் அப்படியே நடந்தால், வடிவமைப்பிலோ எண்ணிலோ ஏதோ இருக்கிறது, அங்கே தேடுங்கள். பாலம், விமானம் வடிவமைக்கும் பொறியாளர்களும் தங்கள் கணினி மாதிரிகளை நம்புவதற்குமுன், துண்டுகளை இன்னும் பொடியாக்கி விடை மாறுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நார்வேயில் ஒரு கதை இருக்கிறது. ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எண்ணெய் மேடைக்காகக் கட்டிய பெரிய கான்கிரீட் அடித்தளம், 1991 ஆகஸ்ட் 23 அன்று கடற்கழியில் இறக்கிச் சோதிக்கும்போதே உடைந்து மூழ்கியது. கணினி மாதிரியில் சில சுவர்ச் சந்திப்புகளைச் சரியாகத் துண்டு பிரிக்காததால், அங்கே வரும் வெட்டுவிசையை மாதிரி 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது. சுவர் மெலிந்துபோனது. விபத்துக்கப்புறம் கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். அதாவது கேள்வி கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். பையனின் கமலையில் உடைவதற்கு ஒன்றுமில்லை, அதனால் கேட்டுப் பழக நல்ல இடம்.

திரும்பக் கமலைக்கு வருவோம். மாட்டுக்குப் பதில் மோட்டார் பெட்டி வைத்தது தப்பில்லை. ஆனால் மோட்டாரின் திருப்புவிசையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் ஒரு வம்பு வருகிறது. பெரிய எண்ணாகப் போட்டுவிட்டால் சால் என்ன, கிணற்றையே தூக்கிவிடும். இயந்திரம் ஓடுகிறது, ஆனால் ஏன் ஓடுகிறது என்பதற்கு மோட்டாரைத் தவிரப் பதில் இல்லை. இங்கேதான் தாத்தாவைக் கூப்பிட வேண்டும். கணினி தெரியாதவர் என்ன சொல்லப்போகிறார் என்று நினைக்காதீர்கள். அவர் திரையைப் பார்த்ததும் கேட்பார்: “ஏம்ப்பா, மாடு சமதரையிலயா இழுக்குது? சரிவு எங்கடா?”

அந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்று கணக்குப்போட்டுப் பார்க்கலாம். சாலில் 100 லிட்டர் தண்ணீர், சாலின் எடை 20 கிலோ என்று வைத்தால், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வடத்தில் 120 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். ஒரு சோடி மாடு 600 கிலோ என்போம். தரை பத்து அடிக்கு ஓர் அடி தாழ்ந்து சரிந்திருந்தால், மாடுகளின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ, அவை சிரமப்படாமலே சரிவு வழியாக இழுப்பாகக் கிடைத்துவிடும். கால் ஊன்றி இழுக்க வேண்டியது மீதிப் பாதிதான். ஓட்டுகிறவர் இறக்கத்தில் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். சோம்பலால் என்று நினைத்தால் தப்பு, அவர் எடையும் இழுப்பில் சேருகிறது. திரும்பி மேடேறும்போது சால் காலி, ஆகவே மாட்டுக்குச் சுமை தன் உடம்பு மட்டும்.

ஆக, பையனுக்குச் சொல்ல வேண்டிய கருத்து இப்படி உருவாகிறது: “மோட்டாரோட திருப்புவிசைய, சால் நின்னுபோற வரைக்கும் குறை. அந்த எண்ணை எழுதி வச்சுக்க. இப்பத் தரையப் பத்துக்கு ஒண்ணு சரிவாக்கு. பெட்டி எடைய 600 கிலோ ஆக்கு. திரும்ப நின்னுபோற வரைக்கும் குறைச்சுப் பாரு. ரெண்டு எண்ணையும் கொண்டா.” சரிவு இருந்தால் இரண்டாவது எண் ஏறக்குறையப் பாதிக்கு இறங்க வேண்டும். இறங்கினால் தாத்தாவின் கேள்விக்கு எண்ணாகவே பதில் வந்துவிட்டது. இறங்காவிட்டால் வேறெங்கோ உராய்வு தின்கிறது, தேடலாம். இந்த இடத்தில் பையன் செய்து முடித்த பொம்மை, அவன் தாத்தாவிடமே திருப்பிக் கேள்வி கேட்கும் கருவியாகிவிடுகிறது. “சரிவு இன்னும் கூட இருந்தா என்ன தாத்தா?” என்பான். கூடுதலானால் மாடு பின்னுக்கு ஏறத் திணறும் என்று அவர் சொல்வார். அதையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

பாராட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாராட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதையும் இடம் சுட்டிச் சொல்ல வேண்டும் என்கிறேன். தும்பி வைத்துச் செய்திருந்தால், “வடத்தையும் வால்கயிறையும் ஒரே நுகத்தடியில கட்டியிருக்கே பாரு, அதாலதான் ரெண்டும் ஒண்ணா ஓடுது, தும்பி வழியில சிந்தல” என்று சொன்னால், எதை மாற்றக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். வெறும் ‘சூப்பர்’ கேட்டவன் அடுத்த தடவை அந்த நல்ல பகுதியையே கலைத்துவிடக்கூடும்.

பலரும் சொல்லும் இன்னொரு குறை: “எல்லாம் மிதக்கிற மாதிரி இருக்கு, நிஜம் மாதிரி இல்ல.” பார்வை சரிதான். உடனே பையன் என்ன செய்வான் என்றால், புவியீர்ப்பை 9.8-லிருந்து 30-க்கு ஏற்றுவான். அதோடு எல்லாக் கணக்கும் கெட்டது. உண்மையான காரணம் பெரும்பாலும் அளவில் இருக்கும். திரையில் சின்னதாகத் தெரிகிறதே என்று பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைந்ததில், சால் பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கல் விழ 0.45 விநாடி, பத்து மீட்டரிலிருந்து 1.43 விநாடி. திரையில் இரண்டும் ஒரே தூரமாகத் தெரியும்போது, பின்னது மிதப்பதுபோலத்தான் இருக்கும். ஆகவே “கட்டத்தைத் திரையில காட்டச் சொல்லி, சால் எத்தன மீட்டர்னு பாரு” என்று சொன்னால் போதும். அவனே பார்த்துச் சிரித்துவிடுவான். ஆல்கோடூவின் தட்டையான, இருபரிமாண உலகத்துக்கு வேறொரு குணமும் உண்டு: இங்கே பொருளை இரட்டிப்பாக்கினால் எடை நான்கு மடங்காகும், நம் உலகத்தில் எட்டு மடங்கு. சின்னதாகச் செய்ததை அப்படியே பெரிதாக்கி, நிஜத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று யாராவது வாதாடினால் இதை நினைவூட்டலாம்.

தண்ணீர் வைத்துச் செய்யும் காட்சிகளுக்கு இந்தப் பக்கத்தில் குறைவிருக்காது. கண்மாய் இல்லாத ஊர் இல்லையே. ஒரு பிள்ளை கரை, மடை, கலுங்கு எல்லாம் வரைந்து குண்டாற்றிலிருந்து தண்ணீர் விடுகிறாள் என்று வையுங்கள். ஆல்கோடூவில் தண்ணீர் என்பது பொடி உருண்டைகளின் கூட்டம். மடைவாய் இரண்டு உருண்டை அகலம்தான் என்றால் உருண்டைகள் வாயில் நெருக்கிக்கொண்டு நிற்கும். சின்ன இடுக்கில் கசியவும் கசியும். இதை வைத்து மடையின் நீரோட்டத்தைக் கணக்கிட முடியாது. அதை அவளுடைய தவறாகச் சொல்லவும் கூடாது. மடைவாயை அகலப்படுத்தச் சொல்லலாம், அவ்வளவே. ஆனால் கலுங்கின் மட்டம் கரையின் தலைக்குச் சமமாக இருந்தால் அது வேறு சங்கதி. வெள்ளம் வரும்போது கலுங்கு வழியாக வழிய வேண்டிய தண்ணீர் கரைமேலும் வழியும், மண்கரை தாங்காது. “கலுங்கைத் தாழ்த்து” என்று சொல்லிவிடாமல், “தண்ணிய நிறுத்தாம விட்டுக்கிட்டே இரு, எங்க மொதல்ல வழியுதுன்னு பாரு” என்று சொல்லுங்கள். மழைக்காலத்தில் கண்மாய்க் கரையைச் சுற்றிப் பார்த்த எந்த விவசாயியும் சொல்லக்கூடிய கருத்து இது. உருண்டைத் தண்ணீராக இருந்தாலும் எது தாழ்வோ அந்த வழியாகத்தான் ஓடும் என்பதால், இந்தச் சோதனைக்கு ஆல்கோடூ போதுமானது. எந்தக் கேள்விக்கு இந்த மென்பொருள் தாங்கும், எதற்குத் தாங்காது என்று பிரித்துச் சொல்வதும் நம் வேலையில் சேர்ந்தது.

இனி, தானே சுற்றும் சக்கரம். எங்கே பிள்ளைகள் கூடினாலும் ஒருவன் இதைச் செய்தே தீருவான். இது நம் நாட்டிலேயே பழைய ஆசை: 1150-ல் சித்தாந்த சிரோமணி எழுதிய பாஸ்கரர், பாதரசம் நிரப்பிய ஆரங்களோடு தானே சுழலும் சக்கரம் ஒன்றை விவரித்திருக்கிறார். ஆட்கள் விடாமல் கொண்டுவந்ததில் அலுத்துப்போய், பாரிஸ் அறிவியல் கழகம் 1775-ல் இனிமேல் நிரந்தர இயக்க இயந்திரங்களைப் பரிசீலிப்பதில்லை என்றே முடிவெடுத்தது. கழகத்துக்கு அது சரி. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் “ஆற்றல் அழியாமை விதிப்படி இது நடக்காது, போடா” என்பது சரியில்லை, ஏனென்றால் அவன் திரையில் அது நடந்துகொண்டிருக்கிறது! கண்ணால் பார்ப்பதை விதி சொல்லி மறுத்தால் அவன் விதியை நம்பமாட்டான். அவனோடு உட்கார்ந்து ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். காற்றின் தடை அணைந்திருக்கிறதா? எங்காவது உராய்வு சுழியா? ஏதாவது கீலில் மோட்டார் ஒளிந்திருக்கிறதா? சக்கரத்துக்குள் பந்துகள் வைத்திருந்தால், அவை ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் அமுங்கி, மென்பொருள் அவற்றைப் பிரித்துத் தள்ளும்போது இல்லாத வேகம் கிடைக்கிறதா? மென்பொருளிலேயே வேகத்துக்கு வரைபடம் போடும் வசதி இருக்கிறது. போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு மோதலிலும் வேகம் படிபோல ஏறுவது தெரியும். பிறகு நாம் சொன்ன அந்தப் பொதுச் சோதனை: தடவையை இரட்டிப்பாக்குங்கள். சக்கரம் மெல்ல நின்றுபோனால், ஆற்றலைக் கொடுத்தது கணக்குப் பிழைதான்.

சொல்லும் முறையில் மூன்று சில்லறைச் சங்கதிகள் பாக்கி. மௌஸைப் பிடுங்காதீர்கள். நாம் திருத்திக் கொடுத்தால் இயந்திரம் ஓடும், அவன் கை ஓடாது. ஒரு தடவையில் ஒன்றிரண்டு குறைக்கு மேல் சொல்லாதீர்கள். எட்டுக் குறை கேட்டவன் எட்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். நிறம், அழகு, மாட்டுக்குக் கொம்பு வரைவது ஆகியவை கடைசி.

பேசாமல் பார்ப்பதையும் ஒரு முறையாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ என்ற திட்டம் பள்ளிகளுக்கான சிமுலேஷன்களை இலவசமாகத் தருகிறது, தமிழிலும் கிடைக்கின்றன. அவர்கள் ஒரு சிமுலேஷனை வெளியிடுவதற்குமுன் மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, விளக்கம் எதுவும் கொடுக்காமல், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இயக்கச் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் குறுக்கிடமாட்டார். எங்கே கை தயங்குகிறது, எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார் என்று குறித்துக்கொள்வார். நம் பையனின் கமலைக்கும் இதைச் செய்யலாம். கமலை என்றால் என்னவென்றே தெரியாத அவன் வகுப்புத் தோழியை உட்காரவைத்து, பையனை வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஓட்டு என்ற பொத்தானை அழுத்தியதும் அவள் எதைப் பார்க்கிறாள், எந்தக் கயிறு எதற்கென்று கேட்கிறாளா என்பதிலிருந்து அவனுக்குக் கிடைப்பது, நாம் ஒரு மணிநேரம் பேசினாலும் கிடைக்காது.

இங்கே பள்ளி ஏற்பாடுகளிலும் இதற்கு இடம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்காக 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், கையால் செய்து பார்ப்பதற்கானது. 1993-லிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தார் முன்னின்று நடத்திவருகிறார்கள். தம் ஊர்ப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்யச் சொல்வது அதன் வழக்கம். கண்மாயை எடுத்துக்கொண்டு போகிற பிள்ளை அட்டையில் படம் ஒட்டிக்கொண்டு போவதோடு, ஓடுகிற காட்சி ஒன்றையும், அதில் அளந்த எண்களையும் எடுத்துப் போகலாம். அங்கே கேள்வி கேட்கும் பெரியவர்களும், “இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?” என்ற வழக்கமான கேள்விக்குப் போகுமுன், “இந்த எண்ணை மாத்துனா என்ன ஆகும், மாத்திக் காட்டு” என்று கேட்டால் நன்றாயிருக்கும்.

கருத்தை வாங்கிக்கொள்கிற பிள்ளைக்கும் ஒன்று. யார் எதைச் சொன்னாலும், மாற்றுவதற்குமுன் காட்சியை வேறு பெயரில் ஒரு நகல் போட்டுவையுங்கள்: கமலை 1, கமலை 2, கமலை 3 சரிவோடு, என்று. பெரியவர்கள் சொன்னதும் சில நேரம் தப்பாகும்; பழையபடி திரும்ப ஓர் இடம் வேண்டும். இரண்டு நகலையும் அடுத்தடுத்து ஓட்டிக்காட்டினால் சொன்னவரோடு வாதாட வேண்டிய அவசியமும் இராது. இன்னொருவர் செய்த காட்சியை எடுத்து நீங்கள் மாற்றினால், கோப்பின் பெயரிலேயே முதலில் செய்தவர் பெயரை விட்டுவையுங்கள். அதை அவருக்கே திருப்பி அனுப்பும்போது, எந்த எண்ணை எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்பதைக் காட்சியின் ஓரத்தில் எழுத்துப் பெட்டி போட்டு எழுதியே அனுப்புங்கள்.